தேம்ஸ் ஆற்றில் எதிர்நீரோட்டப் படகுப் பயணம்: கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை, படிப்படியாக

இலண்டனின் தென்மேற்கு விளிம்பிலுள்ள கிங்ஸ்டனில் மோட்டார் படகில் ஏறி, தேம்ஸ் ஆற்றை எதிர்த்துச் சென்று, கரையோர ஊர்களில் இரவு தங்கி ஆக்ஸ்ஃபோர்டை அடைய விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இடையில் மோல்ஸி முதல் இஃப்ளி வரை 31 லாக்குகள் உள்ளன. லாக் என்பது இரு முனைகளிலும் கதவுள்ள கற்றொட்டி. படகை உள்ளே நிறுத்திக் கதவடைத்து, மதகு வழியே தண்ணீர் விட்டு, படகை மேல்மட்ட ஆற்றுக்கு உயர்த்துவார்கள்.

நான் பல கோடைகளில் இந்தப் பாதையில் சென்றிருக்கிறேன். முதன்முறை சுக்கான் பிடிக்கும் நண்பர்களோடும் உறவினர்களோடும் உடன் சென்றிருக்கிறேன். அவர்கள் தடுமாறியது பெரும்பாலும் படகை ஓட்டுவதில் அல்ல. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையில்தான். ஆகவே இங்கு வரிசைக்கே முதலிடம் தருகிறேன்.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

டெடிங்டன் லாக்குக்குக் கீழே கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றை ஆள்கிறது. அந்தப் பகுதி இலண்டன் துறைமுக ஆணையத்தின் பொறுப்பு. டெடிங்டனுக்கு மேலே சுற்றுச்சூழல் முகமையின் விதிகள் நடப்பில் உள்ளன. கிங்ஸ்டன் டெடிங்டனுக்கு மேலே இருப்பதால், அங்கிருந்து தொடங்குபவர் ஓதங்களின் நேரம் பார்க்க வேண்டியதில்லை. புதியவர்களை அங்கே தொடங்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சொந்தப் படகானால் முகமையில் பதிவு செய்திருக்க வேண்டும். குறுகிய காலத்துக்கு வருவோருக்குத் தனிப் பதிவும் உண்டு. படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் காலாவதி நாளைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் எடுத்து வையுங்கள். வாடகைப் படகில் இவற்றை நிறுவனம் கவனித்துக்கொள்ளும் என்றாலும், எந்த லாக் வரை செல்ல அனுமதி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொருள்களில் முதன்மையானது கயிறு. அணியம் எனப்படும் படகின் முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மீட்டர், இவை போக ஒரு மாற்றுக் கயிறு. லாக்கில் கயிறு படகிலிருந்து மேலே கரைக்குச் சென்று, கட்டுத்தறியைச் சுற்றி, மீண்டும் உங்கள் கைக்கே திரும்ப வேண்டும். ஐந்து மீட்டர்க் கயிற்றால் அது முடியாது. அடுத்து, படகு சுவரில் மோதாமல் தாங்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர்கள் பக்கத்துக்குக் குறைந்தது மூன்று வேண்டும். கட்டுத்தறி இல்லாத புல்கரையில் அடிக்க இரண்டு இரும்பு முளைகள், ஒரு சம்மட்டி, ஒரு துறட்டிக்கோல், ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு மேலாடை, வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் ஆகியனவும் தேவை. குழந்தைகளின் மேலாடையைக் கரையிலேயே அணிவித்துப் பாருங்கள். அளவு தவறென்று நடு ஆற்றில் தெரிந்தால் பயனில்லை.

2. ஒவ்வொரு நாளையும் மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளக்கிறார்கள். இந்த ஆற்றில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது விரைந்து நடக்கும் மனிதரின் வேகம். எதிர்நீரோட்டத்தில் கரையை வைத்து அளந்தால் 6 அல்லது 7 தான் கிடைக்கும். ஒவ்வொரு லாக்குக்கும் காத்திருப்பையும் சேர்த்து 25 நிமிடம் வையுங்கள். 150 கிலோமீட்டருக்கு 23 மணி நேரம், 31 லாக்குகளுக்கு 13 மணி நேரம் என மொத்தம் 36 மணி நேரம் ஆகும். இதை எட்டு நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு நான்கரை மணி நேரம் வரும். அதற்கு மேல் திட்டமிட்டால் ஊர் பார்க்க நேரம் இராது.

நான் பரிந்துரைக்கும் இரவுத் தங்கல்கள் ஸ்டேன்ஸ், வின்ட்சர், மார்லோ, ஹென்லி, ரெடிங், வாலிங்ஃபோர்டு, ஏபிங்டன், ஆக்ஸ்ஃபோர்டு என்ற வரிசையில் அமையும். இவற்றில் மார்லோவிலிருந்து ஹென்லி வரையுள்ள நாளும், ஏபிங்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரையுள்ள நாளும் மூன்று லாக்குகளே உள்ள குறுகிய நாள்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போனால் இவற்றில் ஈடுகட்டலாம்.

அன்றாடத் திட்டத்தை மாலை கரையணையும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். கோடையில் வின்ட்சர், மார்லோ, ஹென்லி போன்ற ஊர்களின் கரைகள் பிற்பகலிலேயே நிரம்பிவிடுகின்றன. நான்கு மணிக்கு முன் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று வைத்து, அங்கிருந்து லாக்குகளையும் தூரத்தையும் கழித்துக்கொண்டே வந்தால் காலை புறப்பாட்டு நேரம் தானே கிடைக்கும். கோடையில் லாக் பணியாளர்கள் காலை 9 மணிக்கு வேலையைத் தொடங்குவார்கள். மாதத்துக்கு ஏற்ப மாலை 5 முதல் 6.30 மணிக்குள் முடிப்பார்கள். பகல் 1 முதல் 2 வரை உணவு இடைவேளை. ஊருக்கு ஊர் இரண்டாவது தேர்வாக ஓர் இடத்தையும் குறித்து வையுங்கள். அது முதல் தேர்வுக்குக் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால், களைத்த பின் இன்னொரு லாக்கைக் கடக்க வேண்டிவரும்.

3. நீரோட்டப் பலகையைப் படித்த பிறகே கயிற்றை அவிழுங்கள்

ஒவ்வொரு லாக்கிலும் ஆற்றின் நிலையைச் சொல்லும் பலகை தொங்கும். சிவப்புப் பலகை வலுவான நீரோட்டத்தைக் குறிக்கும். எந்தப் படகும் செல்ல வேண்டாம் என்பதே அதன் அறிவுரை. மஞ்சள் பலகை இரு வகை. நீரோட்டம் கூடுகிறது என்றால், மோட்டார் படகு பாதுகாப்பான கரையைத் தேடி நிற்க வேண்டும். குறைகிறது என்றால், மிகுந்த கவனத்தோடு செல்லலாம். இதே நிலவரத்தை முகமை இணையத்திலும் வெளியிடுவதால், கயிற்றை அவிழ்க்குமுன் அதைப் பார்த்துவிடலாம்.

வானம் தெளிவாக இருக்கிறதே என்று பலகையைப் பொருட்படுத்தாதவர்களைக் கண்டிருக்கிறேன். மேலே காட்ஸ்வோல்ட் குன்றுகளிலும் துணையாறுகளிலும் பெய்த மழை, இங்கு வெயில் அடிக்கும்போது வந்து சேரும். ஆகவே நேற்று மேற்கே மழை பெய்ததா என்றும் பாருங்கள்.

4. ஆற்றில் செலுத்தும் ஒழுங்கு

சாலைப் பழக்கம் நம்மை இடப்பக்கம் இழுக்கும். ஆற்றில் வலப்பக்கமே உங்கள் பக்கம். எதிரே வரும் படகு உங்கள் இடப்பக்கமாகக் கடந்து செல்ல வேண்டும். ஒரு குறுகிய ஒலி எழுந்தால் அந்தப் படகு வலப்பக்கம் திரும்புகிறது; இரண்டு எழுந்தால் இடப்பக்கம்; மூன்று எழுந்தால் இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறது. இம்மூன்றையும் குழுவில் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும்.

துடுப்புப் படகோட்டிகள் தாம் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்கள். அவர்கள் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று ஒருபோதும் கருதாதீர்கள். வேகத்தைக் குறைத்து, அவர்கள் போகும் கோட்டை விட்டு ஒதுங்குங்கள். பாய்ப் படகுகள் கரைக்குக் கரை வளைந்து வளைந்து வரும். அவற்றின் முன்னால் குறுக்கிடாமல் பின்புறமாகக் கடப்பதே வழி. உங்கள் பின்னால் எழும் அலை கரையைத் தொட்டு உடைந்தால், வரம்புக்குள் இருந்தாலும் வேகம் அதிகம் என்று பொருள்.

லாக் ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு தடுப்பணை இருக்கும். கீழிருந்து நெருங்கும்போது ஆறு இரண்டாகப் பிரிந்து தெரியும். அகலமான கிளை தடுப்பணைக்குச் செல்வதாகவும், குறுகிய கிளை லாக்குக்குச் செல்வதாகவும் பல இடங்களில் அமைந்திருக்கிறது. அகலத்தை நம்பிச் செல்லாமல் அம்புக்குறிப் பலகையைத் தேடுங்கள். மிகவும் குழப்புவது ஷெப்பர்டன்: லாக்கின் வாயிலருகே தடுப்பணைத் தண்ணீரும் வே ஆறும் ஒரே இடத்தில் வந்து கலக்கின்றன, தவறான கிளையில் நுழைந்தவர்கள் திரும்ப இடமின்றித் தவிப்பதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம். வே ஆற்றுக்குத் தனி அனுமதியும் வேண்டும்.

தடுப்பணைத் தண்ணீர் லாக் வாயிலுக்குக் குறுக்கே பாயும் இடத்தில் அணியம் திடீரென்று ஒரு பக்கம் தள்ளப்படும். அங்கே வேகத்தைக் குறைத்தால் சுக்கான் பிடிக்காது. நீரோட்டம் வரும் பக்கம் சற்றே அணியத்தைச் சாய்த்து, ஒரே சீரான வேகத்தில் கடந்து, அமைதியான நீருக்கு வந்த பிறகு குறையுங்கள்.

5. லாக்கில் மேலேறும் வரிசை

புதியவர்கள் அதிகம் அஞ்சுவது இதற்கே. வரிசையை விட்டுவிடாதவருக்கு இங்கு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

முதலில், லாக் கண்ணில் பட்டதும் இரு கயிறுகளையும் சிக்கெடுத்து, அணியத்தில் ஒருவரையும் பின்புறத்தில் ஒருவரையும் நிறுத்துங்கள். கதவுக்கு வந்த பிறகு கயிற்றைத் தேடுவதுதான் நான் கண்ட தவறுகளில் முதலிடம் பெறுவது. ஃபெண்டர்களை இரு பக்கமும் இறக்குங்கள். எந்தச் சுவரை ஒட்டி நிற்கப் பணியாளர் சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது.

கதவு மூடியிருந்தால் காத்திருப்புக் கரையில் நில்லுங்கள். அது லாக்குக்குக் காத்திருப்போருக்கு மட்டுமே; அங்கு இரவு தங்குவது கூடாது. கீழிறங்கும் படகுகள் எல்லாம் வெளியேறி, பணியாளர் கைகாட்டிய பின்பே நுழையுங்கள். நடைவேகத்திலும் குறைவாக உள்ளே சென்று, பின்னோக்கி இயக்கிப் படகை முற்றிலும் நிறுத்துங்கள். படகை நிறுத்த வேண்டியது இயந்திரம், கயிறு அல்ல. ஓடும் படகைக் கயிற்றால் இழுத்து நிறுத்த முயன்று தோள்பட்டை பிசகியவரை எனக்குத் தெரியும்.

பிறகு அணியக் கயிற்றை முன்னோக்கியுள்ள கட்டுத்தறியிலும், பின்கயிற்றைப் பின்னோக்கியுள்ள கட்டுத்தறியிலும் ஒரு சுற்றுப் போட்டு, நுனியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு வேண்டாம். மேலேறும்போது கட்டுத்தறி தலைக்கு மேலே இருக்கும். எறிந்து எட்டவில்லை என்றால் பணியாளர் கொக்கியால் எடுத்து மாட்டித் தருவார், கேட்கத் தயங்காதீர்கள். இதன் பிறகே இயந்திரத்தை அணைக்க வேண்டும். அணைப்பது இங்கு விதி.

மதகு திறந்ததும் தண்ணீர் முன்கதவின் அடியிலிருந்து பொங்கிப் படகை முதலில் பின்னே தள்ளும்; சற்றுப் பொறுத்து முன்னே இழுக்கும். அணியக் கயிறு முன்னோக்கிச் செல்ல வேண்டியதன் காரணம் இதுவே. படகு உயர உயரக் கயிறு தளரும்; தளர்ந்த அளவை அவ்வப்போது இழுத்து விறைப்பாக வையுங்கள். கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றக் கூடாது. கைகால்கள் சுவருக்கும் படகுக்கும் இடையே செல்லக் கூடாது. படகு சுவரில் மோதப் போனால் ஃபெண்டர் தாங்கட்டும். காலை நீட்டித் தடுக்க நினைக்கவே வேண்டாம்.

கதவு முழுதும் திறந்த பின் இயந்திரத்தை இயக்கி, அது ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகே கயிறுகளை விடுவியுங்கள். முதல் நாளிலேயே பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, இயந்திரம் உயிர்பெறாமல் அடுத்த படகில் சென்று மோதுகிறார்கள்.

பணியாளர் இல்லாத நேரத்தில் நீங்களே இயக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு வரையுள்ள லாக்குகளில் பொத்தான்கள் உண்டு. பின்கதவு முழுதும் மூடியதா என்று கண்ணால் பார்த்து, மதகுகளை முதலில் பாதியளவே திறந்து, பொங்கல் அடங்கியதும் முழுதும் திறந்து, இரு பக்க நீர்மட்டமும் சமமான பின்பே முன்கதவைத் திறக்கவும். பொத்தானில் ஒருவரும் கயிறுகளில் இருவரும் இருக்க வேண்டுமென்பதால், இந்தப் பயணத்துக்கு மூவர் குறைந்த அளவு என்பது என் கருத்து.

வழியில் மிக உயரமாக ஏற்றுவது ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சற்று முன் உள்ள சான்ட்ஃபோர்டு லாக், ஏற்றம் 2.69 மீட்டர். பத்து மீட்டர்க் கயிற்றின் அருமை அங்கே புரியும்.

6. கரையணைத்தல்

எப்போதும் அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்தே கரையை நெருங்க வேண்டும். மேலேறிச் செல்பவருக்கு இது தானே அமையும். நீரோட்டம் எதிரே இருப்பதால் படகு மெதுவாக ஊர்ந்தாலும் சுக்கான் பிடிக்கும், நிறுத்துவதும் எளிது.

கரைக்கு இருபது முப்பது பாகை சாய்வாக அணுகி, அணியம் தொடுவதற்குச் சற்று முன் சுக்கானைத் திருப்பிப் படகைக் கரைக்கு இணையாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நின்ற பின்பே ஒருவர் கயிற்றோடு கரைக்கு இறங்கட்டும். இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. புல்லின் அடியில் கரை குடைந்திருப்பதை மேலிருந்து காண முடியாது.

முதலில் கட்டுவது அணியக் கயிற்றை. காரணம் எளியது. பின்கயிற்றை முதலில் கட்டினால், அணியத்துக்கும் கரைக்கும் நடுவே நீரோட்டம் புகுந்து, அணியத்தை வெளியே தள்ளி, படகையே சுழற்றிவிடும். அது ஒருமுறை திரும்பத் தொடங்கினால் மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலும் நிற்காது. அணியம் கட்டியிருந்தால், நீரோட்டமே படகைக் கரையோடு அணைத்து வைக்கும். பின்கயிற்றை ஆறுதலாகக் கட்டலாம். புறப்படும்போது பின்கயிற்றை முதலில் அவிழ்த்து, அணியக் கயிற்றைக் கடைசியில் அவிழ்க்க வேண்டும்.

இரு கயிறுகளும் கரையோடு சாய்வாக, ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் செல்லட்டும். செங்குத்தாகக் கட்டினால், கடந்து செல்லும் படகின் அலை ஒவ்வொன்றும் முளையை ஆட்டி ஆட்டி இரவுக்குள் பிடுங்கிவிடும். முளையை அதன் தலை ஆற்றைவிட்டு விலகிச் சாயும்படி அடித்து, அதன் தலையில் வெள்ளைத் துணி கட்டுங்கள். இருட்டில் நடப்பவர் இடறமாட்டார்.

7. ஊர்களில் கவனிக்க வேண்டியவை

முகமையின் கரைகள், ஊராட்சிகளின் கரைகள், தனியார் கரைகள் என மூவகை உண்டு. ஒவ்வொன்றிலும் தங்கும் காலமும் கட்டணமும் வேறு. கட்டியதும் முதல் வேலை அறிவிப்புப் பலகையைப் படிப்பது. பலகையே இல்லாத புல்வெளி பொதுவிடம் என்று பொருளாகாது.

வின்ட்சரை நெருங்கும்போது ஆல்பர்ட் பாலத்துக்கும் விக்டோரியா பாலத்துக்கும் இடையே கோட்டையைச் சேர்ந்த ஹோம் பார்க் கரையில் இறங்க அனுமதி இல்லை. அழகான இடம் என்று அங்கே ஒதுங்க முயன்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ராம்னி லாக்கைக் கடந்து ஊருக்குள் சென்று கட்டுங்கள்.

மெய்டன்ஹெட்டின் போல்ட்டர்ஸ் லாக்குக்கு மேலே, கிளிவ்டனின் காடடர்ந்த சரிவை ஒட்டிக் குக்கம் வரை செல்லும் நீர்வழி இப்பயணத்தில் எனக்கு மிகப் பிடித்தது. அந்த நாளில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, இங்கே மெதுவாகச் செல்லுங்கள். மார்லோவில் தொங்குபாலத்துக்கு மேலுள்ள பூங்காக் கரையில் கட்டினால் கடைத்தெரு இரண்டு நிமிட நடை.

ஹென்லியில் ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் பெரும் துடுப்புப் போட்டி நடக்கிறது. 2,112 மீட்டர்ப் பந்தயப் பாதையைத் தடுப்புக்கட்டைகள் கொண்டு பிரித்துவிடுவார்கள். மற்றப் படகுகள் எஞ்சிய குறுகிய வழியில் செல்ல வேண்டும். முதல் பயணத்தை அந்த வாரத்தில் வைக்காதீர்கள்.

ரெடிங்கில் கென்னட் ஆறு சேருமிடத்தருகே, காவர்ஷம் லாக்குக்குக் கீழே, பேரங்காடியின் பின்புறக் கரையில் படகைக் கட்டி, ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, காய்கறிகளை நேரே ஏற்றிக்கொள்ளலாம். இவ்வளவு வசதி மேலே கிடைக்காது.

கோரிங் லாக்கிலிருந்து கிளீவ் லாக் வரை உள்ளதே இப்பாதையின் மிகக் குறுகிய இடைவெளி. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு நேர்மாறாக, கிளீவிலிருந்து பென்சன் வரை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் லாக்கே இல்லை. வாலிங்ஃபோர்டு அந்த நீண்ட இடைவெளியின் மேல்முனைக்கு அருகில் உள்ளது. லாக்கில் நிற்கும்போது இளைப்பாறலாம் என்று எண்ணிப் பழகிய குழுவுக்கு இங்கே ஓய்வு கிடைக்காது. சுக்கான் பிடிப்பவரை நடுவழியில் மாற்றுங்கள்.

8. எரிபொருள், தண்ணீர், கழிவு, சமையல்

தொட்டி பாதிக்குக் குறையுமுன் எரிபொருளை நிரப்புங்கள். மேலே செல்லச் செல்ல விற்பனை இடங்கள் குறையும். பெட்ரோல் டீசலைவிட அரிது. நிரப்பும்போது அடுப்பும் இயந்திரமும் அணைந்திருக்க, பயணிகள் கரையில் நிற்க வேண்டும்.

குடிநீர்க் குழாயும் கழிவகற்றும் வசதியும் சில லாக்குகளில் உள்ளன. கழிப்பறைக் கழிவை ஆற்றில் விடுவது குற்றம். எந்த லாக்கில் என்ன வசதி என்று புறப்படுமுன் வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

படகு ஓடும்போது தாளிக்கவோ பொரிக்கவோ வேண்டாம். எதிரே வரும் படகின் ஓர் அலை போதும், வாணலியின் எண்ணெய் மடியில் கொட்டிவிடும். கட்டிய பின் சமைத்து, முடிந்ததும் எரிவாயுவை உருளையிலேயே மூடுங்கள். குளிருக்காகச் சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு அடுப்பை எரியவிடுவது உயிரைப் பறிக்கும்.

9. ஆக்ஸ்ஃபோர்டும் திரும்பும் வழியும்

இஃப்ளி லாக்குக்கும் ஃபாலி பாலத்துக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்களின் துடுப்புப் படகுகள் இடைவிடாது ஓடும். மிகக் குறைந்த வேகத்தில், உங்கள் வலப்பக்கமுள்ள கரையை ஒட்டியே செல்லுங்கள்.

இதற்கு மேல் லெச்லேட் வரை போக எண்ணினால், முதலில் படகின் உயரத்தை நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். ஆஸ்னி பாலத்தின் அடியில் 2.28 மீட்டர் இடமே உண்டு. ஆறு உயர்ந்திருந்தால் அதுவும் குறையும். பெரிய படகுகள் பல இங்கேயே திரும்பிவிடுகின்றன. கடந்து செல்பவர்களுக்கு, கிங்ஸ் லாக்கிலிருந்து எல்லாம் கையால் இயக்கும் கதவுகள்.

திரும்பும்போது இரண்டு செயல்கள் தலைகீழாகும். லாக்கில் படகு தாழும். ஆகவே கயிற்றை இழுக்காமல் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். யாராவது முடிச்சுப் போட்டிருந்தால் படகு சுவரில் தொங்கிச் சாயும். அப்படித் தொங்கிய படகொன்றின் கயிற்றைக் கத்தியால் அறுத்து விடுவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அன்றுமுதல் கூர்மையான கத்தி ஒன்றைச் சுக்கானருகே வைத்திருக்கிறேன். பின்கதவை ஒட்டி, நீருக்கடியில் ஒரு கல்திட்டு இருக்கும். சுவரிலுள்ள குறியைத் தாண்டிப் படகின் பின்புறம் பின்வாங்கினால், தண்ணீர் இறங்கும்போது அதன்மீது அமர்ந்துவிடும்.

இரண்டாவது, கரையணைத்தல். நீரோட்டம் இப்போது பின்னாலிருந்து தள்ளுவதால், கட்ட வேண்டிய இடத்தைக் கடந்து கீழே சென்று, அகலமான இடத்தில் படகை முழுதும் திருப்பி, அணியத்தை மீண்டும் ஆற்றுக்கு எதிராக வைத்து வந்து, அணியக் கயிற்றையே முதலில் கட்டுங்கள்.